வெள்ளிக்கிழமை வண்டி

மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துச் செனாயில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தேழு வருடம், சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்கினேன். பிளாஸ்டிக் பாகங்கள் வார்க்கும் இடம் அது. அச்சிலிருந்து விழுவதில் கீறல் உண்டா, குமிழி உண்டா, விளிம்பில் பிசிறு உண்டா என்று பார்ப்பது என் பிரிவு. "எல்லாம் நல்லா இருக்கு" என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே புருவம் ஏறிவிடும். வேலையிலிருந்து நின்ற பிறகும் அந்தப் புருவம் இறங்கவில்லை. கூலாய் பாசாரில் மீன்காரர் என்னைக் கண்டதும், நான் கேட்பதற்கு முன்பே செவுளைத் தூக்கிக் காட்டிவிடுவார்.

அப்படிப்பட்டவளிடம் மகள் வந்து, "மா, இந்த வேலைய இனிமே நீங்க பார்க்க வேணாம். ஏஐ பார்த்துக்கும்" என்று சொன்னால் எப்படி இருக்கும்?

அந்த வேலை ஒரு பட்டியல் போடுவது. எங்கள் கோயில் மாதர் குழு, டயாலிசிஸ் செய்துகொள்ளும் இரண்டு பேரைக் காரில் அழைத்துப் போக ஏற்பாடு செய்து வந்தது. ஒருவர் கோயிலுக்குப் பின்தெருவில் இருக்கும் தாத்தா. அவருக்குச் செவ்வாய், வியாழன், சனி. இன்னொருத்தி என் சொந்த அக்கா. அவளுக்குத் திங்கள், புதன், வெள்ளி. அக்காவின் மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். எல்லைப் பாலத்தைத் தாண்ட வேண்டும் என்று விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுவான். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆகவே யார் எந்த நாளில் யாரை ஏற்றிப் போவது என்று வாரா வாரம் ஆட்களைக் கேட்டு, கெஞ்சி, சில சமயம் அதட்டி, வாட்ஸ்அப் குழுவில் பட்டியல் போடுவேன்.

இதில் விளையாட்டுக்கு இடமில்லை. அக்காவுக்குச் சிறுநீரகம் மட்டுமல்ல, இதயமும் பலவீனம். ஒரு தடவை அடைமழையில் ரோட்டில் தண்ணீர் ஏறி, அவளுடைய ஒரு நாள் தவறிப்போனது. நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தாள். "இன்னொரு தடவை விட்டுடாதீங்க" என்று டாக்டர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். அன்றிலிருந்து அந்தப் பட்டியல் எனக்கு வெறும் பட்டியலாக இல்லை.

இருவருக்கும் முக்கியமாக இரண்டு கார்கள். நீலக் காருக்குச் சொந்தக்காரர், லாரி ஓட்டி ஓய்வு பெற்ற ஓர் அண்ணன். எந்த நாள் என்றாலும் வருவார். வெள்ளைக் கார் ஒரு பெண்ணுடையது. அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா, என்னைவிடப் பத்து வயது சின்னவள். ஆறு வருடமாக வெள்ளிக்கிழமை அவளுடையது. ஜொகூரில் அரசாங்க அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் அப்போது வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. மற்ற பல மாநிலங்களில் சனி, ஞாயிறு என்றால் எங்களுக்கு இப்படி. பிறகு அதை மாற்றி, இங்கேயும் சனி, ஞாயிறு என்று ஆக்கினார்கள். அந்த மாற்றம் வந்த நேரத்தில் வெள்ளைக் காருக்கு மகள் பிரசவம். ஓய்வு நாள்களில் மகள் இருக்கும் கோத்தா திங்கிக்குப் போய்விடுவதால் மூன்று மாதம் வர முடியாது என்று சொல்லிவிட்டாள். நான் நீலக் காரை வைத்தே வாரத்தைச் சமாளித்து, ஓய்ந்துபோனேன். அந்த ஓய்ச்சலைப் பார்த்துத்தான் கோலாலம்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்த மகள் ஏஐ என்று ஆரம்பித்தாள்.

"சும்மா கேளுங்க மா. யாரு எந்த நாள் ஓட்டுவாங்க, யாருக்கு எந்த நாள் போகணும்னு ஒரு தடவ சொல்லிட்டா போதும். ஒவ்வொரு வியாழனும் காலைல பத்து மணிக்கு அதுவே அடுத்த வாரத்து லிஸ்ட்ட எழுதிக் குடுத்துடும். நீங்க எடுத்துக் குரூப்ல போட்டா போதும்."

"தூங்கிட்டா?"

"அது தூங்காது மா."

"தூங்காததுன்னா இன்னும் மோசம்."

அவள் சிரித்துக்கொண்டே என் கைப்பேசியை வாங்கித் தட்ட ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து காவல் இருந்தேன். பெயர் எதையும் கொடுக்கக் கூடாது என்றேன். வீட்டு எண், தெருப் பெயர், தொலைபேசி எண் எதுவும் கூடாது. யாருக்கு நோய், எந்த வீட்டில் விடிகாலையில் ஆள் இருக்காது என்றெல்லாம் ஊர் தெரியாத ஒன்றிடம் ஏன் சொல்ல வேண்டும்? ஆகவே நீலக் கார், வெள்ளைக் கார், அக்கா, தாத்தா என்று மட்டுமே அதற்குத் தெரியும். வெள்ளைக் காரைப் பற்றி மகள் எழுதியது ஒரே வரி: அரசாங்க வேலை, பிரசவ வேலை முடிந்து வந்ததும் வார விடுமுறையில் ஒரு நாள் ஓட்டுவார். வெள்ளைக் கார் திரும்பி வந்ததும் அதை ஏஐயிடம் சொல்லிவிடும்படி மகள் என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

முதல் வியாழக்கிழமை பத்து அடிப்பதற்குக் காத்துக்கொண்டிருந்தேன். சரியாகப் பத்துக்குக் கைப்பேசி சிணுங்கியது. பட்டியல் வந்திருந்தது. என் பழைய நோட்டை எடுத்து வரி வரியாக ஒப்பிட்டேன். ஒரு பிழை இல்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

தொழிற்சாலையில் பரிசோதனைக்குப் புது ஆள் வந்தால், நல்ல பாகங்கள் நிறைந்த தட்டில் ஒரு ரிஜெக்ட்டை ஒளித்து வைத்துக் கொடுப்போம். பிடிக்கிறாரா பார்ப்போம். அடுத்த வியாழன் அதையே இதற்கும் செய்தேன். தாத்தாவுக்கு இந்த வாரம் செவ்வாய், வியாழன், ஞாயிறு என்று பொய்யாக எழுதினேன். முன்பு சனி என்று சொல்லியிருந்தீர்களே, மாறிவிட்டதா என்று கேட்டது. பிடித்துவிட்டது. இரண்டாவதாக, போன வாரம் புதன்கிழமைக் காரைத் தப்பாகப் போட்டிருந்தாயே என்று எழுதினேன். அதுவும் பொய்தான். போன வாரம் ஒரு தப்பும் இல்லை. உடனே வந்தது பதில்: "நீங்கள் சொல்வது சரி. அந்தத் தவறுக்கு மன்னிக்கவும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மகளுக்கு உடனே போன் போட்டேன்.

"செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேக்குது. இப்படி ஒரு ஆள நான் லைன்ல நிக்க விட்டதே இல்ல."

"பொலைட்டா பேசுது மா. விடுங்களேன்."

"பொலைட்டா பேசுறவங்கதான் மாட்டி விடுவாங்க, பாத்துக்கோ."

அதற்குப் பிறகு வியாழக்கிழமை என்றாலே எனக்கு வேறு வேலை கிடையாது. காலையிலேயே குளித்து, பூஜை முடித்து, மூக்குக்கண்ணாடியும் பேனாவுமாக உட்கார்ந்துவிடுவேன். பட்டியலைத் தாளில் எழுதிக்கொண்டு, மேலிருந்து கீழே ஒரு முறை, கீழிருந்து மேலே ஒரு முறை பார்ப்பேன். முன்பெல்லாம் பட்டியலை நானே போட அரை மணி நேரம் ஆனது. இப்போது அது போட்டதைச் சோதிக்க ஒரு மணி நேரம். அக்காவுக்கு முன்பு டயாலிசிஸ் நாள்தோறும் காலையில் போன் செய்து, கார் வந்துவிட்டதா, ஏறிவிட்டாயா என்று கேட்பேன். அந்த வாரங்களில் அது எப்படியோ நின்றுபோனது. என் கவனமெல்லாம் அந்தப் பட்டியலின் மேலேயே இருந்தது. ஒரு நாள் கையும் களவுமாகப் பிடிக்கிறேனா இல்லையா பார் என்று இருந்தேன்.

பிடித்தும் விட்டேன். அல்லது பிடித்துவிட்டதாக நினைத்தேன்.

வெள்ளைக் கார்காரி பேரப் பிள்ளையை மகளிடம் விட்டுவிட்டு வந்துவிட்டாள். இனி ஓட்டுகிறேன் என்று குழுவில் எழுதினாள். அதை அப்படியே ஏஐயிடம் சொன்னேன். அந்த வியாழன் வந்த பட்டியலில் இப்படி இருந்தது: வெள்ளி, அக்கா, நீலக் கார். சனி, தாத்தா, வெள்ளைக் கார்.

சனிக்கிழமையா! வெள்ளைக் காருக்கா! நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். வெள்ளிக்கிழமை வண்டி அது. ஆறு வருடமாக என் அக்கா வெள்ளிக்கிழமை ஏறுவது அந்த வண்டியில்தான். நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் வெள்ளி, வெள்ளி, வெள்ளி. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? எனக்குக் கொள்ளைச் சந்தோஷம். கட்டைவிரலால் ஓங்கி ஓங்கித் தட்டினேன். "தப்பு!!! வெள்ளைக் கார் எப்போதும் வெள்ளிக்கிழமைதான். அது கூடத் தெரியாதா? மாற்று."

"நீங்கள் சொல்வது சரி. தவறுக்கு மன்னிக்கவும். வெள்ளைக் காரை வெள்ளிக்கிழமைக்கும் நீலக் காரைச் சனிக்கிழமைக்கும் மாற்றிவிட்டேன்."

குழுவில் போட்டேன். வெள்ளைக் கார்காரி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். நீலக் கார் அண்ணன் கும்பிட்டார். அக்கா "சரி" என்று எழுதினாள். அன்று மாலை கோயிலில் பார்த்தவர்களிடமெல்லாம் நான் ஏஐயைப் பிடித்த கதையைச் சொன்னேன். கேட்டவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவராவது நாள் கிழமையை யோசித்திருக்கலாம். இந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு வெள்ளிக்கிழமை என்றால் அரசாங்க ஊழியர் வீட்டில் இருக்கும் நாள்தான். சட்டம் மாறிச் சில மாதங்கள் ஆகியும் கைகால்கள் மாறவில்லை. எனக்கோ அந்த மாற்றம் என்றைக்குமே சொந்த விஷயமாக இருந்ததில்லை. என் தொழிற்சாலைக்கு எப்போதுமே ஞாயிறுதான் விடுமுறை.

மறுவாரம் வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு டயாலிசிஸ் நிலையத்திலிருந்து தாதி கூப்பிட்டாள். எங்களுக்கு அவள் மிஸ்ஸி. மலாய்க்காரப் பெண், அக்காவை மக்சிக் என்பாள், அத்தை மாதிரி; என்னைக் காக்காக் என்பாள், அக்கா மாதிரி.

"காக்காக், மக்சிக் பெலும் சம்பாய் லா."

மக்சிக் இன்னும் வந்து சேரவில்லை என்று அவள் சொன்னதும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறேகாலுக்கு ஏற வேண்டியவள். அக்காவுக்கு அடித்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"எங்க இருக்க நீ?"

"வாசல் கேட் கிட்டதான் உக்காந்திருக்கேன்."

"எப்பலேர்ந்து?"

"ஆறு மணிலேர்ந்து. வந்துக்கிட்டு இருப்பாங்க லா. ரோடு ஜேம்மா இருக்கும்."

வெள்ளைக் கார்காரிக்கு நான்கு முறை அடித்தேன். ஐந்தாவது முறை மெல்லிய குரலில் எடுத்தாள். பின்னால் எண்களைக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

"அக்கா, கவுன்டர்ல இருக்கேன், என்னக்கா?"

"என்னக்காவா? இன்னிக்கு உன் வண்டி!"

"அலமாக்! இன்னிக்கு வேலை நாள் ஆச்சேக்கா! நான் வெள்ளின்னு பார்த்ததும் பழைய ஞாபகத்துல கட்டைவிரல போட்டுட்டேன். ஐயோ, அக்கா…" என்றாள். அவளைத் திட்ட வாயெடுத்தேன். வெள்ளி என்று எழுதியது யார் என்று அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

நீலக் கார் அண்ணன் மெர்சிங்கில் இருந்தார். வெள்ளிக்கிழமை ஓய்வு கிடைத்ததே என்று சம்பந்தி வீட்டுக்குப் போயிருந்தார். இப்போதே கிளம்புகிறேன் என்றார். வந்து சேர்வதற்குள் மதியம் ஆகிவிடும், வேண்டாம் என்றேன். கைப்பேசியில் வாடகைக் கார் பிடித்து, அக்கா வீட்டுக்குப் போய் அவளை ஏற்றிக்கொண்டேன். மடியில் பையை வைத்து, உள்ளே போர்வையும் காலுறையும் பிஸ்கட்டுமாகத் தயாராக இருந்தாள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை மாதிரி தலைவாரிப் பொட்டு வைத்திருந்தாள். அவள் கணுக்காலைப் பார்த்தேன். காலணியின் வார் சதைக்குள் புதைந்திருந்தது.

நிலையத்துக்குப் போனபோது மணி ஒன்பதரை. அவளுடைய இயந்திரத்துப் படுக்கையில் வேறு ஒருவர் படுத்திருந்தார். காத்திருப்பவர்கள் பட்டியல் நீளம் என்பதால் எட்டேகால் வரைதான் இடம் பிடித்து வைப்பார்களாம். மாலைச் சுற்றில் இடம் விழுந்தால் தருகிறேன், அதற்குள் மூச்சுத் திணறினால் இங்கே நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள் என்றாள் மிஸ்ஸி. மாலைக்கு இன்னும் ஆறு மணி நேரத்துக்கு மேல் இருந்தது.

வெளியே வராந்தாவில் இருவரும் உட்கார்ந்தோம். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அரை மணிக்கு ஒரு முறை அவள் காலைப் பிடித்து விரலால் அழுத்திப் பார்த்தேன். அழுத்திய இடம் பள்ளமாக நின்றது, மெதுவாக மேலே வந்தது. ஒவ்வொரு முறையும் போன முறையைவிட மெதுவாக வருகிறதோ என்று தோன்றியது. எனக்குப் பயம். வெட்கத்தைவிடப் பயம்தான் அதிகம். அதை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டும் போல் இருந்தது. எழுந்து ஓரமாகப் போய் மகளைக் கூப்பிட்டேன்.

"உன் ஏஐ பண்ணின வேலைய பாரு! பெரியம்மா மூச்சு விட முடியாம உக்காந்திருக்கா!"

மகள் பதறிப்போனாள். விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள். ஏஐ கணக்கு அவளுடையது என்பதால் அங்கிருந்தே எல்லாவற்றையும் பார்க்க முடியும். சற்று நேரம் தட்டும் சத்தம் கேட்டது.

"மா. அது சனின்னுதான் போட்டிருக்கு. நீங்கதான் மாத்தச் சொல்லியிருக்கீங்க."

"சரி, நான் சொன்னேன். நான் மறந்துட்டேன். அதுக்குத் தெரியும்ல? சரியா போட்டுச்சுல்ல? அப்புறம் ஏன் எதுத்துச் சொல்லல? 'அவுங்களுக்கு அன்னைக்கு வேலை நாளாச்சே'ன்னு ஒரு வார்த்த சொன்னா என்ன? ஒடனே மன்னிச்சிருங்கன்னு கால்ல விழுந்துடுச்சு!"

"அது பண்ணினதும் தப்புதான் மா. கேட்டிருக்கணும்" என்றாள். கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஆனா நீங்க எழுதியிருக்கிறத நான் இப்பதான் படிக்கிறேன். மூணு ஆச்சரியக்குறி போட்டிருக்கீங்க. அதுகூடத் தெரியாதான்னு கேட்டிருக்கீங்க" என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள். நான் அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

திரும்பி வந்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் கத்தியது அவ்வளவும் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத திட்டாத" என்றாள், இரண்டு மூச்சில்.

"திட்டாம? தெரிஞ்சிக்கிட்டே வாய மூடிக்கிட்டு இருந்தா அது என்ன உதவி?"

அக்கா பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"எனக்கும்… தெரியும்."

"என்ன தெரியும்?"

"வெள்ளைக் கார் பொண்ணு… கடைசியா கொண்டுவந்து விட்ட அன்னிக்கே சொல்லுச்சு. அடுத்த வருஷத்துலேர்ந்து… வெள்ளிக்கிழமை ஆபீஸ் இருக்கும்னு. நீ லிஸ்ட் போட்டப்ப… பார்த்தேன். தப்பா இருக்கேன்னு… நெனச்சேன்."

"பார்த்துட்டு சரின்னு எழுதினியா?"

"லீவு போட்டுட்டு வரும்போலன்னு… நெனச்சுக்கிட்டேன்."

"ஒரு போன் பண்ணிக் கேக்கக் கூடாதா என்கிட்ட?"

என்னைவிட ஆறு வயது மூத்தவள். என் குரல் உயர்ந்ததும் கழுத்தைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டாள். எத்தனை வருடமாக அப்படி இழுத்துக்கொள்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. அன்றுதான் பார்த்தேன். கீறலையும் குமிழியையும் தேடித் தேடிப் பார்த்த கண்ணுக்கு அது தட்டுப்படவே இல்லை. காலையில் இரண்டு மணி நேரம் கேட்டருகில் உட்கார்ந்திருந்தவள், கார் வரவில்லை என்று எனக்கு ஏன் ஒரு முறைகூடப் போன் செய்யவில்லை என்பதும் அப்போது புரிந்தது.

மூன்றே முக்காலுக்கு மிஸ்ஸி வெளியே எட்டிப் பார்த்துக் கையசைத்தாள். இடம் விழுந்துவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்காவைத் தூக்கி நிறுத்தி, தோளைப் பிடித்துக்கொண்டு நடத்தினேன். பத்தடிக்குள் மூன்று முறை நின்றாள். கதவுக்குள் போவதற்கு முன் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. குரலை எவ்வளவு தணிக்க முடியுமோ அவ்வளவு தணித்துக்கொண்டேன்.

"அக்கா, நான் அவ்வளவு மோசமாவா உன்னைத் திட்டுறேன்?"

"சேச்சே, இல்ல லா, நீ எங்க திட்டுற, நான்தான் சொல்லாம விட்டுட்டேன், என் தப்புதான், மன்னிச்சுக்க" என்றாள்.

ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவள், அதை மட்டும் நிறுத்தாமல் சொல்லி முடித்தாள்.